நர்சரித் தொட்டியில் வந்த ஹார்வெஸ்ட்மேன்: அடையாளம் கண்டு பதிவிடுவது எப்படி?

ஏற்காடு, திருச்சூர் மண்ணுத்திப் பக்கமிருந்து வரும் பெரணி, ஆர்க்கிட் தொட்டிகளைச் சென்னையில் வாங்குகிறவர்களுக்கான பதிவு இது. எட்டு மயிரிழைக் கால்கள், நடுவே மிளகளவு உடம்பு. பார்த்ததும் "சிலந்தி" என்று துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். இது ஹார்வெஸ்ட்மேன், சிலந்திபோல் தெரியும், ஆனால் சிலந்தி அல்ல.

ஹார்வெஸ்ட்மேனுக்குச் சிறகில்லை. நூல் விடவும் தெரியாது என்பதால், குட்டிச் சிலந்திகள்போல் காற்றில் மிதந்து ஊர் மாறவும் முடியாது. மலைக்காட்டு ஈரத்தில் வாழ்வது அண்ணா நகர் நாலாவது மாடியில் நிற்கிறதென்றால், செடியோடு லாரி ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம். டைக்ரனோபால்பஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஹார்வெஸ்ட்மேன் ஒன்று 1957இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் முதன்முதலில் தென்பட்டு, பிறகு ஸ்காட்லாந்து வரை போய்விட்டது. நாட்டுக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம் இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தப்பும்.

முதலில், புதுத் தொட்டியை மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். இருட்டியபின் டார்ச் அடித்துத் தொட்டியின் அடிப்புறத்தையும் தேங்காய் நார் இடுக்குகளையும் பாருங்கள்.

அடுத்து, பிடிப்பது. இடுக்கி வேண்டவே வேண்டாம். காலைப் பிடித்தால் காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். போன கால் மறுபடி முளைக்காது. சின்ன வாட்டர்கலர் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளி, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் ஏற்றுங்கள். உள்ளே ஈர டிஷ்யூ ஒரு துண்டு.

மூன்றாவது, படம். போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸே போதும், கேமரா வாங்க ஓடாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று: சிலந்திக்கு இருக்கும் இடுப்பு இதற்கு இருக்காது, உடம்பு ஒரே உருண்டை. மேலிருந்து ஒன்று: முதுகில் சின்ன மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு கண். கால்கள் முழுதாகத் தெரிய ஒன்று: இரண்டாவது ஜோடிதான் மிக நீளம், அதை வைத்துத்தான் வழி தடவும்.

நிறைய பேர் தடுமாறுவது, பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடும்போதுதான். இடம் என்று கேட்டால் ஏற்காட்டைப் போடக்கூடாது. நீங்கள் பார்த்த இடம் சென்னை, அதையே போடுங்கள். செடி எங்கிருந்து, எப்போது வந்தது என்பது குறிப்பில். "வளர்ப்பு" என்ற கட்டத்தையும் டிக் செய்யாதீர்கள். செடிக்கு அது சரி. பூச்சியை யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லையே. வீட்டு முகவரி தெரியாமலிருக்க இடத்தை மறைக்கும் வசதி உண்டு. ஆனால் பெசன்ட் நகர்க்காரர்களே, வரைபடத்தில் உங்கள் புள்ளி வங்கக்கடலில் விழுந்தால் பயப்படவேண்டாம், அந்த வசதி சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்காவது தூக்கிப்போடும்.

இனப்பெயர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பல இனங்களைப் பிரிக்க இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். குடும்பம் வரை தெரிந்தாலே நல்ல பதிவுதான்.

கடைசியாக, "பாவம்" என்று கிண்டிக் காட்டிலோ நன்மங்கலம் காட்டிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி மண்ணையும் பூங்காவில் கொட்டக்கூடாது.

பின்சேர்க்கை: "தொட்டால் கிடுகிடுவென ஆடுகிறது, இதுவா?" என்று கமெண்டில் இருவர் கேட்டிருந்தார்கள். ஆட்டத்தை நம்பாதீர்கள். நம் வீட்டுக் கூரை மூலையில் தொங்கும் நீளக்கால் சிலந்தியும் அப்படித்தான் ஆடும். ஒட்டடையில் தலைகீழாகத் தொங்கினால் அது சிலந்தி. ஹார்வெஸ்ட்மேன் வலை கட்டாது.