மகளின் மத்தளமும் எடின்பரோ கோமகன் விருதும்: மட்டக்களப்புப் பெற்றோருக்கு

லண்டன் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "இணைப்பாடவிதானத்துக்கு எதில அக்கா சேர்க்கிறது?" விவாதம், நாடகம், நீச்சல், இல்ல விளையாட்டுப் போட்டி என்று பள்ளி தரும் பட்டியல் நீளம். எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றிலும் நிலைக்காமல் போன பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். அதனால் நான் சொல்வது எடின்பரோ கோமகன் விருது. அது பிள்ளையை ஒரு வேலையில் மாதக்கணக்கில் இருத்தி வைக்கும்.

1956இல் பிரிட்டனில் தொடங்கிய, இளையோருக்கான விருதுத் திட்டம் இது. 14 முதல் 24 வயது வரை செய்யலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். வெண்கலத்துக்குச் சேவை, திறன், உடற்பயிற்சி மூன்றையும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் 3 மாதம் செய்ய வேண்டும். அவற்றில் பிள்ளை தெரிவு செய்யும் ஒன்றை இன்னும் 3 மாதம் தொடர வேண்டும். இவற்றோடு இரண்டு பகல், ஓர் இரவுப் பயணம் ஒன்றும் உண்டு.

முதலில் பதிவை முடியுங்கள். பதிவுக்கு முன் செய்தது எதுவும் கணக்கில் வராது. என் மகள் ஏழு கிழமை கூடைப்பந்து பழகிய பிறகுதான் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை என்று தெரிய வந்தது. அன்று அவள் அழுத அழுகை எனக்கு மறக்காது. திரும்ப முதலாம் கிழமையிலிருந்து தொடங்கினாள்.

அடுத்தது திறன். வகுப்பில் மற்றவர்களைப் போல அவளும் பியானோ என்றாள். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. வந்தாறுமூலையில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்து மரபுக் கூத்து வகையான வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினேன். மத்தளத்தில் கை வைத்தவள் பிறகு பியானோப் பேச்சே எடுக்கவில்லை. கூத்தில் இதைக் கவனியுங்கள்: மத்தளம் அடிப்பது திறனில் சேரும், ஆட்டம் உடற்பயிற்சியில் சேரும். ஒரே மணித்தியாலத்தை இரண்டிலும் எழுத முடியாது.

இலக்கைத் தெளிவாக எழுத வேண்டும். "மத்தளம் பழகுவேன்" என்பது போதாது. "மூன்று மாத முடிவில் கூத்தில் ஒரு பாத்திரம் அரங்குக்கு வரும் வரவுக்குரிய தாளக்கட்டைப் பிழையில்லாமல் அடிப்பேன்" என்று மகள் எழுதினாள். மதிப்பீடு செய்பவர் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் எல்லாரும் மாமா, சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம், ஆகவே சொந்தமா இல்லையா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவைக்கு வீட்டுக்குப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அதில் சிரமம் இருக்கவில்லை.

பயணத்துக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. குழுவில் 4 முதல் 7 பேர் வரை இருக்க வேண்டும், ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் உழைக்க வேண்டும், அதற்கு முன் ஒத்திகைப் பயணமும் போக வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வைக்க வேண்டாம், வாடைக்காற்று மழையில் எங்கள் வயல் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் வைத்தால் விடிய ஐந்தரைக்கே புறப்பட வேண்டும். வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி, பின்னேரம் திரும்பத் தொடங்கலாம். வாவியில் தோணி விடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். முதலை இருக்கும் வாவி, நான் சம்மதிக்கவில்லை. சைக்கிளில் போனார்கள்.

சரி, படிப்பு? லண்டன் பாடத்திட்டத்தில் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஐஜிசிஎஸ்இ பெரிய பரீட்சை மே, ஜூனில் வரும். பத்தாம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கினால் பதினோராம் ஆண்டுக்கு முன் வெண்கலம் முடிந்துவிடும். பதினோராம் ஆண்டில் தொடங்க நான் விடமாட்டேன்.

கடைசியாக, ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பி வரும்போதே அன்று பழகியதை மகள் நாலு வரி எழுதிவிடுவாள், அதைப் பார்த்துத்தான் பிறகு விருதுக்கான இணையப் பதிவேட்டில் ஏற்றுவாள். 2026இலும் அதற்குப் பிறகும் சேர்பவர்களுக்கான பிரிட்டிஷ் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றாவது கேள்வி படிப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானீர்கள் என்பது. அதை எழுத இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, மகள் இப்போது வெள்ளிக்குப் பதிந்துவிட்டாள்.