கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்த பணம் வீட்டுக்கடனில் போய்ச் சேராமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் கேபிள் டிவியும் குழந்தைகளின் தின்பண்டமும்தான். மாதம் ஐந்நூறு அறுநூறு மிச்சமாகும், அது சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும், ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் ஒரு சீர் வந்தால் மொய்க்கவரில் ஏறிப் போய்விடும். வருடக் கடைசியில் பார்த்தால் கேபிளும் இல்லை, கடனும் குறையவில்லை. செலவைக் குறைப்பது பாதி வேலைதான், குறைந்த ரூபாய் அந்த மாதமே அசலில் விழ வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 21,700 ரூபாய் வரும். முதல் மாத இஎம்ஐயில் 17,700 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது நாலாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி. அந்த நாலாயிரத்தோடு மாதம் இரண்டாயிரம் கூடுதலாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? 20 வருடக் கடன் பதினாறே கால் வருடத்தில் முடிந்துவிடும், வட்டியில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆனால் இந்த இரண்டாயிரம் ஆரம்பத்திலிருந்தே போக வேண்டும். பதினைந்தாவது வருடத்தில் ஞானோதயம் வந்து கட்டினால் இதில் சிறு பங்குதான் கிடைக்கும், ஏனென்றால் அதற்குள் வட்டியின் பெரும்பகுதியை வங்கி வாங்கி முடித்திருக்கும்.

சரி, கூடுதல் பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறீர்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் "இஎம்ஐயக் குறைச்சுறட்டுங்களா?" என்று கேட்பார். கேட்கவே சுகமாக இருக்கும், தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். மேலே சொன்ன கடனில் ஆரம்பத்திலேயே ஒரு லட்சம் அசலுக்குக் கட்டி, இஎம்ஐயை அப்படியே வைத்து காலத்தைக் குறைத்தால் 23 மாதம் முன்னாடியே கடன் முடியும், வட்டியில் சுமார் 4 லட்சம் மிச்சம். அதே ஒரு லட்சத்தைக் கட்டி இஎம்ஐயைக் குறைக்கச் சொன்னால் மாதம் 868 ரூபாய் குறையும், இருபது வருடத்தில் வட்டி மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம், அவ்வளவுதான். அதனால் "தவணைக் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆப்பில் கட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சில இடங்களில் கூடுதலாகப் போட்ட பணம் அசலில் கழியாமல் அடுத்த மாத இஎம்ஐக்கான அட்வான்ஸாக உட்கார்ந்துவிடும். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் அசல் பாக்கி அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முன்கூட்டியே கட்டினால் அபராதம் போடுவார்கள் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியிருந்தால் மட்டும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இனி பில்லுக்கு வருவோம். ஈபி பில்லைக் குறைக்கிறேன் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு உட்காருவதில் பெரிதாக ஒன்றும் வராது, இப்போது எல்லாமே எல்இடி. தமிழ்நாட்டுக் கட்டணத்தில் பார்க்க வேண்டியது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்கிற கோடு. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட் ஓடினால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அந்தக் கட்டணத்தில் 500-க்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய்தான், தாண்டிவிட்டால் அதே நூறு யூனிட்டுக்கும் 4.50 போட்டார்கள், 500-க்கு மேல் ஓடுவதற்கு எட்டு ரூபாயிலிருந்து ஆரம்பித்தது. 2024 ஜூலையில் ரேட் ஏறியபோதும் இந்தக் கோடு அப்படியே இருந்தது. ஆக, 520, 540 என்று ஓடுகிற வீட்டுக்குத்தான் சிக்கனத்தில் நல்ல லாபம். கணக்கெடுத்த தேதியை ஈபி கார்டிலோ மெசேஜிலோ பார்த்து வைத்துக்கொண்டு ஐம்பதாவது நாள் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். 430 ஓடியிருந்தால் மிச்சம் பத்து நாளில் ஏசியை எத்தனை மணி நேரம் போடலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எது கரண்டைத் தின்கிறது என்று தெரியாமல் சிக்கனம் பண்ணுவதும் ஒரு தவறு. நம்ம பக்கம் போர் மோட்டாரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒன்றரை எச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். தண்ணீர் கீழே போய்விட்ட போரில் டேங்க் நிரம்ப நேரமும் ஆகும், அப்புறம் அது நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லும் வரை ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் லெவல் கண்ட்ரோலர் மாட்டுவதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. அடுத்து கீசர். போர்த் தண்ணீர் உப்பு, ஹீட்டரில் சுண்ணாம்பு அட்டை மாதிரி படிந்துவிடும், தண்ணீர் சுட வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் முப்பது முப்பத்தைந்தில் முடிந்துவிடும், ஆனால் நாள் முழுக்க ஓடுகிற ஹால் ஃபேனை மாற்றுங்கள், பூஜை ரூம் ஃபேனை விட்டுவிடுங்கள். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. அதைவிட, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அப்படி வீசும்போது பொள்ளாச்சியிலும் கோவையிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போடுவது என்ன கணக்கென்று எனக்குப் புரியவே இல்லை.

சோலார் விஷயத்தில் ரொம்பப் பேர் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிற வீட்டின் பில் மேலே சொன்ன கட்டணத்தில் வெறும் 675 ரூபாய், வருடத்துக்கு 4,050. மானியம் போக கையிலிருந்து ஒரு லட்சம் போட்டு இந்த நாலாயிரத்தை முழுசாக மிச்சப்படுத்துவதைவிட, அதே லட்சத்தை 8.5 சதவீத வீட்டுக்கடனில் கட்டினால் முதல் வருடமே சுமார் 8,500 வட்டி குறையும். மாறாக 1,000 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பில் 6,550 ரூபாய், வருடத்துக்கு நாற்பதாயிரம் பக்கம். அங்கே சோலார்தான் முதலில், கடன் அப்புறம்.

சொத்து வரியைக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவது இன்னொரு பழக்கம். மாநகராட்சி, நகராட்சிகளில் அரையாண்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும், முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. கட்டியே ஆக வேண்டிய பணம், சீக்கிரம் கட்டினால் குறைகிறது, இதைவிட சுலபமான மிச்சம் எங்கே இருக்கிறது? காய்கறி உழவர் சந்தையில், ஓடிடி ஒன்றே ஒன்று, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வெட்டக் கூடாததை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்திவிட்டு அதைக் கடனில் கட்டுகிறேன் என்பார்கள். வீட்டில் ஒருவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் மூன்று வருடம் அடைத்தது மொத்தமும் வேறு பெயரில் திரும்பக் கடனாக வந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, இப்போது போய் நிறுத்துவார்களா? கையிலிருக்கும் மொத்தத்தையும் கடனில் கொட்டிவிடுவதும் இதே ரகம்தான். பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்றால் சனிக்கிழமை சம்பளம் நின்றுவிடும், விசைத்தறிக்காரருக்குக் கூலிப் பிரச்சினை வந்தால் தறி மாதக்கணக்கில் ஓடாது. அப்போது ஃபைனான்ஸில் இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது வருடம் 24 சதவீதத்துக்கு வாங்கி எட்டரை சதவீத இஎம்ஐயைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நாலைந்து மாத இஎம்ஐயாவது தொடாமல் தனியாகக் கிடக்கட்டும்.

வரிசையும் முக்கியம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும்போது வீட்டுக்கடனில் கூடுதல் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை. கார்டு, ஃபைனான்ஸ், பர்சனல் லோன், நகைக்கடன் எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கடன், ஏனென்றால் பெரும்பாலும் இருப்பதிலேயே குறைந்த வட்டி அதுதான். மிச்சம் பிடித்ததை "இன்னும் நல்லாப் பெருக்கிட்டுக் கட்டலாம்" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம்: 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

வரி மிச்சமாகிறது, அதனால் கடனை அடைக்க வேண்டாம் என்று ஆடிட்டரே சொன்னதாகச் சொல்வார்கள். பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் வட்டியில் 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம், உண்மை. ஆனால் 30 சதவீத வரி கட்டுகிறவருக்கே அதில் மிச்சம் 62,400 ரூபாய்தான், பாக்கி 1,37,600 கையை விட்டுப் போனது போனதுதான். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை.

வட்டி விகிதத்தைக் கவனிக்காமல் விடுவதும் சேமித்ததை அப்படியே விழுங்கும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. நிறையப் பேருக்கு இஎம்ஐ ஏறவில்லை, தவணைக் காலம்தான் நீண்டது. 7 சதவீதத்தில் 25 லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கியவருக்கு ஆரம்பத்திலேயே வட்டி 8.5 ஆகி, பழைய இஎம்ஐயே ஓடினால் கடன் கிட்டத்தட்ட 29 வருடத்துக்குப் போய்விடும். இஎம்ஐயை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது இதனால்தான். 2025-ல் ரெப்போ இறங்க ஆரம்பித்து ஜூனில் 5.5-க்கு வந்தது. 2019 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால் நீங்கள் இன்னும் பழைய எம்சிஎல்ஆர் முறையில், அதாவது வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டி போடும் முறையில் இருக்கலாம், அதில் இறக்கம் மெதுவாகத்தான் வரும். ரெப்போ முறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் முடிந்த அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸோடு வங்கியிலிருந்து கிளம்பிவிடுகிறவர்கள் ஒரு வேலையை மறந்துவிடுகிறார்கள். முழுசாக அடைத்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கும் விதி. ஆனால் பத்திரம் கைக்கு வந்தாலும், கடன் வாங்கியபோது சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்த எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) தானாகப் போகாது. வங்கி ஆளை வரச் சொல்லி ரசீது பதிந்து அதை ரத்து செய்ய வேண்டும், அப்புறம் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, அல்லது பிள்ளையின் படிப்புக்கு அடமானம் வைக்கப் போகும்போது, வில்லங்கச் சான்றில் அந்தப் பழைய கடன் அப்படியே நிற்கும்.