சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

சிராங்கூன் சாலைப் பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள் விலையைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது, "எத்தனை மணி நேரம்பா உட்காரணும்?"

முதலில் தூரம். சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உலக உருண்டையில் நம்ம சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகும். தீர்க்கரேகைப்படி சாங்கி கிழக்கே 104 டிகிரி, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட அரை வட்டம். அதாவது துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதனால் கணக்கு சுலபம்: 90இலிருந்து ஒவ்வோர் ஊரின் அட்சரேகையையும் கழித்துக் கூட்டினால் போதும். சாங்கியிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து கென்னடி 49.4. ஆக 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,318. இணையத்தில் 15,350க்குப் பக்கத்தில் காட்டும். அது சில்லறை வித்தியாசம். மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, நூலை நம்புங்கள்.

இனி நேரம். கிலோமீட்டரை 900ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். பதினேழரை மணி வரும். ஆனால் அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கும். விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டு வட பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆயிரம் கிலோமீட்டர் கூடினாலும் கட்டுபடியாகும். ஆகவே இந்த வழித்தடத்துக்கு இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகப் போகும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. விலையைக் கேட்டதும் பாதிப் பேர் பிராங்க்பர்ட் வழியே போகிறேன் என்பார்கள். அது 10,300, பிறகு 6,200 கிலோமீட்டர்; நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழு நாள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடப்பதுதான் நல்லது என்பேன். மகன் வீடு நியூஜெர்சியில் எடிசன் பக்கம் என்றால் கென்னடி வேண்டாம், அந்த மாநிலத்திலேயே இருக்கும் நுவார்க் விமான நிலையத்தில் இறங்குங்கள். வானில் தூரம் ஒன்றுதான், ரோட்டில்தான் மிச்சம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் நம்மைவிட 12 மணி பின்னால், குளிர்காலத்தில் 13. கோடையில் செவ்வாய் நண்பகல் இங்கே கிளம்பினால் அங்கே அப்போதுதான் செவ்வாய் பிறக்கிறது. 18 மணி 40 நிமிடம் கூட்டினால் அதே செவ்வாய் மாலை 6.40க்கு இறங்குவீர்கள்.

திரும்பும்போதுதான் குழப்பம். செவ்வாய் இரவு 10 மணிக்கு அங்கே ஏறினால் இங்கே அப்போதே புதன் காலை 10. பதினெட்டே முக்கால் மணி கூட்டினால் வியாழன் விடியற்காலை 4.45. சாங்கிக்குக் கூப்பிட வருகிறவரிடம் புதன் என்று சொல்லிவிடாதீர்கள்.