போலீஸ் மேல் நஷ்டஈட்டு வழக்கு: ஜூனியர்கள் விடும் கோட்டை

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு ஜூனியர், போலீஸ் மேல் நஷ்டஈடு கேட்டு எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸ் வரைவை நீட்டினார். "கேஸ்ல விடுதலை வந்ததும் அனுப்பிடலாம் சார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுத்துப்பிழை, ஸ்டாம்ப் குறைவு எல்லாம் கோர்ட்டே ரிட்டர்ன் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிடும். கெடு தவறுவதைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

விடுதலைக்காகக் காத்திருப்பது

என் கட்சிக்காரர் குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்பவர். திருட்டுக் கேஸ் என்று கூட்டிப்போய் மூன்று ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்து, பிறகுதான் ரிமாண்ட். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கெல்லாம் காற்றோடு போச்சு. நான்கு வருஷம் வாய்தாவுக்கு அலைந்து விடுதலையானார். "இப்ப கேட்கலாமா சார்?" என்றார். தாராளமாக என்றேன்.

வழக்குப் போடக் கெடு சொல்லும் காலவரையறைச் சட்ட அட்டவணையில் 73, 74 என்று இரண்டு இனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு வருஷம்தான். பொய்வழக்குப் போட்டதற்கு, விடுதலையான நாளிலிருந்து எண்ண வேண்டும். சட்டவிரோதமாக அடைத்துவைத்ததற்கு, அந்த அடைப்பு முடிந்த நாளிலிருந்தே. நான் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினேன். மூன்று ராத்திரிக்கான கோரிக்கை காலம் கடந்தது என்று தள்ளுபடி. மிஞ்சியதில் போலீசின் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். அது குதிரைக் கொம்பு. தோற்ற பிறகும் அந்த மனிதர் ஃபீஸ் பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஆனால் நோட்டீஸ் கெடுவுக்குள் போயிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு 1859-ஆம் வருஷத்து மாவட்டக் காவல் சட்டத்தின் 53-ஆம் பிரிவையும் தூக்கிக்கொண்டு வரும்: மூன்று மாதத்துக்குள் வழக்கு, ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ். காவலில் வைத்து அடிப்பது அந்தச் சட்டப்படி செய்த வேலை ஆகாது என்று ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் முதல் வாரமே நோட்டீஸ் போனால் மூன்று மாதத்துக்குள் பிராதும் போட்டுவிடலாம். அந்த வாதத்துக்கே வேலையில்லை.

"3(பி) போட்டாச்சாம் சார்"

காவலர் மேல் 3(பி) என்ற துறை விசாரணை என்றதும் கட்சிக்காரர் குளிர்ந்துபோவார். 1955 போலீஸ் ஒழுங்கு விதிகளின்படி நடக்கும் அந்த விசாரணை, அரசுக்கும் அந்தக் காவலருக்கும் நடுவே உள்ள விவகாரம். அவர் வேலையே போனாலும் இவர் கைக்கு ஒரு ரூபாய் வராது. அது முடியட்டும் என்று உட்கார்ந்தால் கெடு நமக்காக நிற்காது.

மனித உரிமை ஆணையம்

அங்கே புகார் கொடுக்கவும் ஒரு வருஷம்தான்.

தப்பான எஸ்.பி.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காட்டு ஸ்டேஷன் என்றால் நோட்டீஸ் ராணிப்பேட்டை எஸ்.பி.க்கு, ஆம்பூர் என்றால் திருப்பத்தூர் எஸ்.பி.க்கு.

சிசிடிவி

ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்கச் சொல்லி 2020-ல் உச்ச நீதிமன்ற உத்தரவே இருக்கிறது. எனக்கு வரும் பதில் "கேமரா பழுது". ஆள் வெளியே வந்த அன்றைக்கே, பதிவை அழிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

ஜூனியரிடம் கேட்டேன், ஸ்டேஷனிலிருந்து அந்தப் பையனை ரிமாண்டுக்குக் கொண்டுபோனது எப்போது என்று. விரல்விட்டு எண்ணினார். "பதினோரு மாசம் ஆகுது சார்."

"சாப்பாடு அப்புறம். முதல்ல டைப்பிஸ்ட்கிட்ட போப்பா."