ஆய்வில் மருந்து மாற்றும்போது: அப்பாவோடு நான் கற்றவை

அப்பாவுக்கு 76 வயது. பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரான்ஸ்தைரெடின் என்ற புரதம் இதயச் சுவரில் படிந்து அதை விறைக்கச் செய்யும் அமிலாய்டு நோய் அவருக்கு. பல ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இந்த நோயின் முன்னறிகுறியாக அது இருக்கக்கூடும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இப்போது பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவரை மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற்றினார்கள்.

இரண்டும் செய்யும் வேலை வேறு. கல்லீரல் உண்டாக்கும் இந்தப் புரதம் நான்கு துண்டுகள் சேர்ந்தது. அது பிரிந்தால்தான் உருக்குலைந்து படிகிறது. டஃபாமிடிஸ், அகோராமிடிஸ் போன்ற மாத்திரைகள் துண்டுகளைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வுட்ரிசிரான் போன்ற ஊசி, கல்லீரல் அந்தப் புரதத்தை உண்டாக்குவதையே குறைக்கிறது. 3 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுகிறார்கள். ஊசி போட்ட மறுவாரமே மாடிப்படி ஏறிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நோய் மேலும் முற்றாமல் தடுப்பதுதான் இவற்றின் முதல் வேலை.

மாற்றத்துக்கு முன் புதிய ஒப்புதல் படிவம் தருவார்கள். தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். விருப்பமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. பழைய மருந்தின் கடைசி நாள் எது, புதியது என்று தொடங்கும், இடையில் இடைவெளி உண்டா, மற்ற மாத்திரைகளில் எவை தொடரும்? இவற்றுக்கான பதிலை ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறினேன். "ஊசிதான் போட்டுவிட்டார்களே, இனி மாத்திரை எதற்கு?" என்று அப்பா நீர் பிரிய எடுக்கும் ஃபுரோசமைடையும் சேர்த்து நிறுத்திவிட்டார். நான்காம் நாள் காலை அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எடை 2 கிலோ கூடியிருந்தது. உடனே ஆய்வு மருத்துவரை அழைத்ததால் அன்றே சரிசெய்ய முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலைக்கடன் முடித்து, கூழ் குடிக்கும் முன் அதே தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அழைத்துவிடுங்கள்.

மிஞ்சிய பழைய ஆய்வு மாத்திரைகளைத் தூக்கி எறியாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். காலி அட்டையையும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். எங்கள் அட்டையில் 11 மாத்திரை மிஞ்சியிருந்தது. பயண நாட்களில் அப்பா விட்டிருந்தார். மறைக்காமல் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள்.

டிரான்ஸ்தைரெடின் புரதம் வைட்டமின் ஏ-யைச் சுமந்து செல்வது. ஊசியால் அது குறைந்தால் இரத்தத்தில் அந்த வைட்டமின் அளவும் குறையும். வைட்டமின் ஏ-யை மருத்துவர் சொன்ன அளவு மட்டும் கொடுங்கள். கூடுதலாகப் போட்டு ஈடுகட்ட முயலாதீர்கள். இருட்டில் பார்வை மங்கினால் சொல்லிவிடுங்கள்.

ஆய்வில் இருப்பதைக் காட்டும் அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மூட்டுவலிக்காக உள்ளூரில் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். சில வலிமாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கிவிடும். விடியற்காலை ஓசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் நீர் பிரிய எடுக்கும் மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். எங்களுக்கு, பெங்களூரில் இறங்கிய பிறகு கொடுக்கலாம் என்றார்.