வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலராகப் போகுமுன்

முதலில் விசாவைப் பாருங்கள். சம்பளம் இல்லாத வேலைதானே என்று சுற்றுலா விசாவில் போவதைப் பல நாடுகள் ஏற்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த வகை விசா தேவை என்று தூதரகத்திடமே கேளுங்கள். பல நாடுகள் பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் அவசியம். அதைக் கேட்காத அமைப்பை நம்பாதீர்கள்.

தடுப்பூசிகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி ஊசி வழக்கமான முறையில் 3 தவணை, போட்டு முடிக்க 6 மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று, போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும்.

பயிற்சிக்கு 120 மணி நேர டெஃபல் (TEFL, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) படிப்பு பொதுவான அளவுகோல். நேரடி வகுப்பெடுக்கும் பயிற்சியும் அதில் இருந்தால் நல்லது. ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும் என்று நினைப்பவர்கள், 'சின்ஸ்' (since), 'ஃபார்' (for) வேறுபாட்டை ஒரு மாணவர் கேட்டதும் திணறுவார்கள்.

வகுப்பில் எத்தனை பேர், என்ன வயது, எந்தப் பாடநூல், மின்சாரம் உண்டா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். ப்ரொஜெக்டரை நம்பித் தயாரித்த பாடம் மின்சாரம் போனால் நின்றுவிடும். கரும்பலகையை மட்டும் வைத்து நடத்தக்கூடிய 10 பாடங்களையாவது தயாராக வைத்திருங்கள். 50 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராகப் பேசவைத்தால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இருவர் இருவராகப் பேசவிடுங்கள். நீங்கள் கிளம்பும்போது, எதுவரை நடத்தினீர்கள் என்ற குறிப்பை அங்குள்ள ஆசிரியரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குவார்.