முதியோர் இல்லத்தில் கவனிப்பு சரியில்லை என்று புகார் வந்தால் எப்படி விசாரிப்பது?

"அம்மா ராத்திரி கீழே விழுந்து கிடந்திருக்கிறார், விடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை" என்று ஒரு மகள் எழுதிய புகார் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த அம்மா இப்போது பத்திரமாக இருக்கிறாரா, டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் தலையில் அடிபட்டிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் அவசரம்.

அடுத்து, அழியக்கூடிய ஆதாரம். பழைய சிசிடிவி பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும், அதனால் அன்றே நகல் எடுங்கள். அழைப்பு மணிப் பதிவு, டூட்டி பட்டியல், ஷிஃப்ட் மாறும்போது எழுதும் குறிப்பு, அவருடைய பராமரிப்புத் திட்டம், இவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

இப்போது இரவுக் கண்காணிப்புப் பதிவேடு. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். 10:00, 11:00, 12:00 என்று நிமிடம் பிசகாமல், ஒரே பேனாவில், எல்லா வரியிலும் 'தூங்குகிறார்' என்று இருந்தால் விடியற்காலையில் மொத்தமாக எழுதியிருக்கலாம். ஆனால் அது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. சிசிடிவியில் அறைக்குள் ஆள் போன நேரம், மணி அடித்த நேரம், பதிவேட்டில் எழுதிய நேரம் மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தானாகத் தெரியும். கேமரா கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஊழியர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். அந்த அம்மாவிடமும் பேசுங்கள், ஒருவேளை அவருக்கு மறதி நோய் இருந்தாலும், அதைச் சொல்லித் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் வேளையில், ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல், "என்ன நடந்ததும்மா?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். "யாராவது தள்ளிவிட்டார்களா?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிட்டதாகிவிடும்.

ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் இரவில் போய்ப் பாருங்கள். படுக்கையிலிருந்து மணி கைக்கு எட்டுகிறதா? எழுந்தால் ஒலிக்க வேண்டிய சென்சார் விரிப்பு ப்ளக்கில் இருக்கிறதா? இரண்டு மாடிக்கு ஒரே ஆள் என்றால், பதிவேட்டைப் பொய்யாக நிரப்பியிருந்தால் அதற்கு அவர் பொறுப்பு, ஆனால் அப்படி ஆள் போட்டவர் யார் என்பதும் அறிக்கையில் வர வேண்டும்.

கடைசியில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, உண்மை, உண்மையில்லை, ஆதாரம் போதவில்லை என்று எழுதி, அதையே புரியும்படியாக மகளுக்கும் எழுதி அனுப்புங்கள்.